எஃப் கார்டும் பாடகியின் காதும்

குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கிட்டார்காரர்கள் மூவரும் என்னைவிட நன்றாக வாசிக்கிறீர்கள். போன ஒத்திகையில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். எனவே வாசிப்பைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. கிட்டாரால் சக கலைஞரை அடிக்காமல் இருப்பது எப்படி என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில் எனக்கு இருபது ஆண்டு அனுபவம் உண்டு. முதல் மூன்று ஆண்டு, அடித்த அனுபவம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நெய்வேலியில் யாரைப் புதிதாகச் சந்தித்தாலும் இரண்டு கேள்வி கேட்பார்கள். எந்த பிளாக்? பெர்மனன்டா, கான்ட்ராக்டா? எனக்கு இரண்டுக்கும் பதில் கிடையாது. நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளன். குவார்ட்டர்ஸ் இல்லாததால் பிளாக் இல்லை. சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு வாடகை அறையில் இருந்தேன். கான்ட்ராக்ட் என்று சொல்லிக்கொள்ளவும் என்னிடம் எந்த ஒப்பந்தத் தாளும் இல்லை. நம் மெல்லிசைக் குழுவில் மட்டும் மாஸ்டர் என்னை 'நம்ம கிட்டார்' என்று அறிமுகப்படுத்துவார். அந்த ஊரில் நான் பெர்மனன்டாக இருந்த ஒரே இடம் அது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் பறிபோக இருந்தது அதுதான்.

குழுவில் அப்போது முக்கியமானவர்கள் நான்கு பேர். தபலா வாசித்து, குழுவையும் நடத்தியவர் மாஸ்டர். கீபோர்டு கலியமூர்த்தி. கம்மாபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. மூன்றாவது ஆள் பாடகி. அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அன்று மாலையே போன் வரும். டவுன்ஷிப் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலில் முதல் குரல். எங்கள் எல்லோருக்கும் அக்கா. நான்காவது ஆள் நான்.

எனக்கு ஒரே ஒரு கைப்பிடிதான் தெரியும். ஆள்காட்டி விரலை ஆறு தந்திகளுக்கும் குறுக்கே படுக்க வைத்து, மற்ற மூன்று விரல்களையும் ஊன்றுவது. அந்தப் பிடியை அப்படியே கிட்டாரின் கழுத்தில் மேலும் கீழும் தள்ளினால் எந்த கார்டும், அதாவது எந்தச் சுரக்கூட்டும், கிடைத்துவிடும். சி வேண்டுமானால் கழுத்தின் எட்டாவது கட்டம், எட்டாவது ஃப்ரெட். ஏ மைனர் என்றால் ஐந்து, ஒரு விரலை மட்டும் தூக்கிவிட வேண்டும். ஜி, மூன்று. எஃப், ஒன்று. புத்தகத்தைப் பார்த்துத் தானாகக் கற்றவனுக்கு இது பெரிய சௌகரியம்.

சிக்கல் எஃப்பில் இருந்தது. எட்டிலிருந்து ஒன்றுக்குப் போக இடது கை முழுதாக நீள வேண்டும். என் கை தனியாக நீளாது, கிட்டாரையும் கூட்டிக்கொண்டு போகும். தந்தி முறுக்கும் ஆறு ஆணிகளோடு கிட்டாரின் தலை இடப்பக்கமாக ஓர் அடி பாயும். இடப்பக்கத்தில் அக்கா நின்றிருப்பார்.

இடம் மாறி நின்றிருக்கலாமே என்பீர்கள். கல்யாண மண்டபத்தில் குழுவுக்குக் கிடைப்பது மணமக்களின் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து. பாடகி சோபா பக்கம் நின்றால்தான் கூட்டத்துக்குத் தெரிவார். கிட்டாருக்குச் சுவர் ஓரம்தான். மைக் ஒயரும் அதற்கு மேல் எட்டாது.

ஒரு நிகழ்ச்சியின் ஒலிநாடாவை வீட்டில் ஓடவிட்டு எண்ணிப் பார்த்தேன். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி எழுதுவது என் தொழில். அந்த ஒரு மாலையில் கிட்டார் அக்காவின் மேல் பட்டது ஒன்பது முறை. ஒவ்வொன்றும் 'ஸ்ஸ்' என்று மைக்கில் சுத்தமாகப் பதிவாகியிருந்தது. ஒன்பதில் எட்டு, தாளத்தோடு சரியாக விழுந்திருந்தது.

மாதா கோயில் திருவிழாவில்தான் விஷயம் முற்றியது. தந்தி மாற்றும்போது மிச்ச நுனியை வெட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அது வீண்வேலையாகப் பட்டது. இரண்டாவது பாட்டின் சரணத்தில் எஃப் வந்தது. கிட்டார் பாய்ந்தது. வெட்டாத தந்தி நுனி, அக்காவின் ஜிமிக்கியில் கொக்கி போலப் போய் மாட்டிக்கொண்டது.

நான் சி-க்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் ஜிமிக்கியும் வரும், காதும் வரும். எனவே சரணம் முழுக்க எஃப்பிலேயே நின்றேன். அக்கா தலையை என் பக்கம் சாய்த்தபடி, ஒரு சுரம்கூடப் பிசகாமல் பாடினார். எனக்கு அவர் முகம் தெரியவில்லை. கழுத்து நரம்பு மட்டும் தெரிந்தது. கூட்டம் அதை ஏதோ பாவனை என்று எண்ணிக் கை தட்டியது. பங்குத்தந்தை சிரித்தபடி தலையாட்டினார். பாட்டு முடிந்ததும் கலியமூர்த்தி எழுந்து வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, எங்களைப் பிரித்துவிட்டான்.

மேடைக்குப் பின்னால் அக்கா காதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரிப்போர்ட்டரே, என் காது எங்கப்பா பண்ணிப் போட்ட கம்மலுக்கு. உங்க கிட்டாரை மாட்டி வைக்க இல்ல."

"தெரியாம பட்டுட்டுதுக்கா."

"மூணு வருசமா தெரியாமயே படுதா? மாஸ்டர், இப்பவே சொல்லிட்டேன். இன்னும் ஒரே ஒரு வாட்டி பட்டுதுன்னா, ஒன்னு அவரு, இல்ல நானு."

மாஸ்டர் தபலாவுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "கடலூர்ல ஒருத்தரு இருக்காரு. கை ரொம்ப அடக்கம்னு சொல்றாங்க" என்றார். உறையின் நாடாவை இறுக்கிவிட்டு, "வைகாசில பண்ருட்டி ரிசப்ஷன் இருக்கு. அது வரைக்கும் பார்ப்போம்" என்றார்.

எனக்கு ஆறு வாரம் இருந்தது.

மறுநாள் கலியமூர்த்தியின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவன் ஷிப்ட் முடிந்து வந்து, லுங்கியோடு கீபோர்டின் முன் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க இன்னா பண்றீங்கன்னா, ஒவ்வொரு கார்டுக்கும் குடும்பத்தையே தூக்கிக்கினு ஊரு விட்டு ஊரு போறீங்க" என்றான். "சி கார்டுல எத்தினி பேரு? மூணு பேரு. சி, ஈ, ஜி. சி தான் அடியில இருக்கணும்னு சட்டமா? ஈயை அடியில வை, சி மேல போயிடும். ஜியை அடியில வை. ஆளு அதே மூணு பேரு தான? இதுக்குப் பேருதான் இன்வர்ஷன்."

மூன்றையும் வாசித்துக் காட்டினான். மூன்றும் சி-யாகத்தான் கேட்டது, ஒன்று சம்மணமிட்டு உட்கார்ந்த மாதிரி, ஒன்று சாய்ந்து உட்கார்ந்த மாதிரி, ஒன்று எழுந்திருக்கப் போகிற மாதிரி.

"எங்க செக்சன்ல மூணு பேரு வேல செய்யறோம். இந்த வாரம் நான் ஃபர்ஸ்ட் ஷிப்ட், அடுத்த வாரம் செகண்ட், அப்புறம் நைட்டு. ஆளு மாறுதா? பெல்ட்டு மாறுதா? அவ்ளோதாங்க விஷயம்."

அவ்வளவுதான் விஷயம். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நெய்வேலியில் ஷிப்ட் என்ற சொல்லைக் கேட்ட எவனும் அடுத்து அட்டவணையைத்தான் நினைப்பான். நானும் அறைக்குப் போய் அட்டவணை போட்டேன்.

கிட்டாரின் மெல்லிய மூன்று தந்திகளில் ஒவ்வொரு கார்டுக்கும் மூன்று இடம் கண்டுபிடித்தேன். சி-க்கு மூன்று, ஏ மைனருக்கு மூன்று, எஃப்புக்கு மூன்று, ஜி-க்கு மூன்று. பிறகு முறை வகுத்தேன். பாட்டில் சி முதல் தடவை வந்தால் முதல் இடம், இரண்டாம் தடவை வந்தால் இரண்டாம் இடம், மூன்றாம் தடவை மூன்றாம் இடம், பிறகு மறுபடி முதல். எந்த இன்வர்ஷனுக்கும் தொடர்ந்து இரண்டு முறை டூட்டி கிடையாது. எவருக்கும் ஓரவஞ்சனை இல்லை. மூன்று வாரம் ராப்பகலாக மனப்பாடம் செய்தேன். என் வாழ்நாளில் நான் செய்த மிக நேர்மையான வேலை அது.

ஒத்திகைக்கு அக்கா மஞ்சள் நிற சேஃப்டி ஹெல்மெட்டோடு வந்தார். கலியமூர்த்தியிடமிருந்து இரவல் வாங்கியது.

"எதுக்குக்கா இது?"

"நீங்க கத்துக்கிட்டீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? வாசிங்க."

வாசித்தேன். முன்பெல்லாம் என் கை எஃப்புக்கு மட்டும்தான் பாயும். இப்போது சி-க்கும் பாய்ந்தது, ஜி-க்கும் பாய்ந்தது. மூன்றாவது ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டுக்கு, பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்கு. முறை என்றால் முறைதானே? இரண்டாவது வரியில் ஹெல்மெட் 'டங்' என்றது.

"அது இன்னா நோட்டு, ஜி ஷார்ப்பா?" என்றான் கலியமூர்த்தி.

நான் சட்டைப்பையிலிருந்து அட்டவணையை எடுத்து நீட்டினேன். அவன் மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தான். "நல்லாத்தான் போட்டிருக்கீங்க. வீக்லி ஆஃப் எங்க?" என்றான்.

அக்கா சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அட்டவணையை வாங்கிப் பார்த்தார். "நாளைக்கு நியூஸ் சொல்ல எக்ஸ்சேஞ்சுக்கு வருவீங்கல்ல? கொஞ்சம் முன்னாடியே வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அப்போது செய்தியை வெளியூர் அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டு வாயால் சொல்ல வேண்டும். லைன் கிடைக்கும் வரை எக்ஸ்சேஞ்ச் பெஞ்சில் காத்திருப்பேன். அந்த பெஞ்சில் எத்தனையோ மணிநேரம் உட்கார்ந்திருக்கிறேன். அக்காவின் கைகளை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. ஆள் உயரத்துக்குப் போர்டு, அதில் வரிசை வரிசையாகத் துளைகள், கையில் ஒயர். கால் வர வர ஒயரைத் துளையில் குத்துகிறார், பிடுங்குகிறார், குத்துகிறார். தோள் அசையவே இல்லை.

"இது விருத்தாசலம் லைன்" என்று ஒரு துளையைத் தொட்டார். "இங்க ஒன்னு. நடுவுல ஒன்னு. அந்தக் கோடியில ஒன்னு. மூணும் ஒரே லைன்தான். எதுக்கு மூணு எடத்துல வச்சிருக்காங்க?"

"ஒன்னு பழுதானா இன்னொன்னுக்கா?"

"இல்ல. முறை வச்சு குத்தறதுக்கா?"

நான் மூன்று துளைகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என் கை எங்க இருக்குதோ, அதுக்குக் கிட்ட இருக்கறதுல குத்தறதுக்கு. போன தடவை எதுல குத்துனேன்னு நான் பார்த்துக்கினா இருப்பேன்? நீங்க இன்னாடான்னா, பக்கத்து வூட்டுல உப்பு இருக்கச்சொல்ல பரங்கிப்பேட்டை உப்பளத்துக்குப் பொறப்படறீங்க. இருங்க, உங்க லைன் வந்துடுச்சு. பேசுங்க."

அன்று நான் சொன்ன செய்தியில் இரண்டு ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொன்னேன். மறுநாள் திருத்தம் வெளியானது. என் மனம் ஐந்தாவது ஃப்ரெட்டில் இருந்தது.

அறைக்கு வந்து கிட்டாரை எடுத்தேன். சி-யைப் பிடித்தேன். ஏ மைனருக்குக் கிட்டத்திலேயே எது இருக்கிறது என்று தேடினேன். ஒரு விரலை இரண்டு ஃப்ரெட் நகர்த்தினால் போதும், ஏ மைனர். அங்கிருந்து எஃப்? இன்னொரு விரலை ஒரே ஒரு ஃப்ரெட். என் மூன்று ஆண்டுக் கொலைவெறி எஃப், ஓர் அங்குலத் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து ஜி-யும் கைக்கெட்டும் தூரம்தான். நான்கு கார்டும் நான்கு ஃப்ரெட்டுக்குள் அடங்கின. கிட்டார் நகரவில்லை. அட்டவணையைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்த ஒத்திகைக்கும் அக்கா ஹெல்மெட் கொண்டுவந்தார். போடவில்லை. பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டார். அதுவரை எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அது பெரியது.

வைகாசி வந்தது. பண்ருட்டியில் ஒரு பலாப்பழ வியாபாரியின் மகளுக்குத் திருமண வரவேற்பு. வியாபாரி, தன் தோப்பில் விளைந்த பழங்களை வருகிறவர்கள் கண்ணாரக் காண வேண்டும் என்று ஆசைப்பட்டார். நியாயமான ஆசை. ஆனால் பழங்களைக் கோபுரமாக அடுக்கியது எங்கள் சந்தில். நாங்கள் நிற்க மிஞ்சிய இடம் ஒரு கட்டில் அளவு. அக்காவுக்கு இடப்பக்கம் பலாப்பழ முள், வலப்பக்கம் நான்.

"எந்தப் பக்கம் சாஞ்சாலும் குத்தும் போல" என்றார்.

"இன்னிக்கு இந்தப் பக்கம் குத்தாதுக்கா."

"பார்க்கறேன்."

முதல் ஐந்து பாட்டு, குத்தவில்லை. கை ஐந்தாவது ஃப்ரெட்டைச் சுற்றியே இருந்தது. கலியமூர்த்தியின் இடது கை அடியில் கனத்த சுரங்களை வாசிக்க, என் மூன்று மெல்லிய தந்திகளும் மேலே வெள்ளிக்காசு மாதிரி சிணுங்கின. மாஸ்டர் ஒருமுறை என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் பெர்மனன்ட் ஆகிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது பாட்டின் நடுவில் வீடியோக்காரர் தன் விளக்குக்குப் பிளக் தேடினார். சுவரில் ஒன்று இருந்தது. ஏற்கெனவே அதில் ஏதோ செருகியிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் செருகினார். மேடை முழுக்க வெளிச்சம் பரவியது. கீபோர்டு செத்தது.

மைக்கும் என் கிட்டாரும் வேறு லைனில் இருந்தன. எனவே பாட்டு நிற்கவில்லை. ஆனால் அடியில் இருந்தவன் போய்விட்டான். என் அழகான இன்வர்ஷன்கள், சுவர் இடிந்த வீட்டின் கூரை மாதிரி அந்தரத்தில் தொங்கின. கலியமூர்த்தி, "எவன்யா புடுங்குனது?" என்றபடி மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தான். அக்காவின் குரல், பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல், ஒரு நூல் அளவு மேலே ஏறியது. கேட்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது என்பது, மைக்கை அவர் இறுக்கிப் பிடித்ததில் தெரிந்தது. இன்னும் இரண்டு வரி போனால் கூட்டத்துக்கும் தெரிந்துவிடும்.

அடுத்து எஃப்.

கிட்டத்தில் ஒரு எஃப் இருந்தது. ஓர் அங்குலம். பாதுகாப்பானது, மெலிந்தது. முதல் ஃப்ரெட்டில் இன்னொன்று இருந்தது. ஆறு தந்திகளும் அதிரும் பழைய எஃப், அடியில் நின்று தாங்கும் எஃப். அதற்குப் போனால் கிட்டார் பாயும். பாய்ந்தால் கடலூர்க்காரர் வருவார்.

கிட்டத்தில் இருப்பதை எடு என்று மூன்று வாரமாகக் கற்றிருந்தேன். அது கைக்கான விதி. பாட்டுக்கு அப்போது என்ன இல்லை என்று அந்த விதிக்குத் தெரியாது. மேடையில் நீங்கள் தீர்மானிக்க வேண்டியிருப்பது அதைத்தான், அதுவும் இரண்டு தட்டு நேரத்தில். நான் நிதானமாக யோசித்தேன் என்று எழுதினால் பொய். பாட்டு விழுகிறது என்று மட்டும் தோன்றியது. கையை நீட்டினேன்.

ஆறு தந்திகளும் அதிர்ந்தன. கிட்டாரின் தலை வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு இடப்பக்கம் பாய்ந்தது. நான் 'ஸ்ஸ்'ஸுக்குக் காத்திருந்தேன்.

வரவில்லை. அக்கா தலையை முன்னால் ஒரு சாண் தாழ்த்தியிருந்தார். கிட்டார் அவர் கொண்டைக்கு மேலே, பூவில் படாமல் போய்த் திரும்பியது. தலை நிமிர்ந்தது. குரல் சுருதியில் வந்து உட்கார்ந்தது. கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அடுத்த எஃப்புக்கு மறுபடி தாழ்ந்தார். நான் கை நீட்டுவதற்கு அரைத்தட்டு முன்னாலேயே தாழ்ந்தார். மூன்றாவது எஃப்பில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இருவர் அவரோடு சேர்ந்து தலை தாழ்த்தினார்கள். அது ஏதோ புது ஸ்டைல் என்று நினைத்திருக்க வேண்டும். கடைசிச் சரணத்தில் முதல் மூன்று வரிசையும் எஃப் வரும்போதெல்லாம் குனிந்து நிமிர்ந்தது. மணமகள் குனிந்தாள். வெற்றிலைத் தட்டோடு நின்ற பலாப்பழ வியாபாரியும் குனிந்தார். கலியமூர்த்தி ஒயரைக் கண்டுபிடித்துக்கொண்டு மேஜைக்கடியிலிருந்து தலையை நீட்டியபோது, மண்டபமே தனக்கு வணக்கம் சொல்வதைப் பார்த்து, கையிலிருந்த பிளக்கோடு பதில் வணக்கம் வைத்தான்.

பந்தியில் மாஸ்டர் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்தார். கேசரி வந்தது. நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆறாவது பாட்டுல கிட்டார் வந்துது போல" என்றார்.

"வந்துது" என்றார் அக்கா.

"பட்டுதா?"

"படல."

"படலன்னாலும் வந்துதுல்ல. அந்தக் கடலூர்க்காரரு வெய்ட் பண்ணிக்கினு இருக்காரு. என்னம்மா சொல்ல?"

அக்கா கேசரியிலிருந்து ஒரு முந்திரியைப் பொறுக்கி வாயில் போட்டு, மென்று முடித்தார்.

"வேணாம் மாஸ்டர். புதுசா வர்றவரு எந்த கார்டுக்கு அடிப்பாருன்னு நான் முதல்லேர்ந்து கத்துக்கணும். இவரு எஃப்புக்கு மட்டும்தான் அடிப்பாரு."